ஒரே பாட்டு, ஒரே அளவு, மூன்று பிட்ரேட்: பகிர்வு மென்பொருள் விபிஆரை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கேள்வி இதுதான்: பயனர்கள் தங்கள் ஃபைல்களை ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்ளும் சோல்சீக் வலையமைப்பில் ஒரு எம்பி3 பாட்டைத் தேடியபோது மூன்று பேரிடம் அது கிடைத்திருக்கிறது. மூன்றுமே 57,50,000 பைட். ஒரு பைட் கூட வித்தியாசம் இல்லை. ஆனால் ஒருவரிடம் பிட்ரேட் (ஒரு விநாடி ஒலிக்குச் செலவாகும் பிட்டுகள்) 128 கேபிபிஎஸ், அதாவது விநாடிக்கு 1,28,000 பிட், நீளம் 5:50 நிமிடம் என்று காட்டுகிறது. இன்னொருவரிடம் 190 (விபிஆர், அதாவது இடத்துக்கு இடம் மாறும் பிட்ரேட்), 3:55. மூன்றாமவரிடம் 195, 3:55. எது உண்மை, யாரிடம் எடுப்பது, மென்பொருள் விபிஆர் என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறது, அதையே நானும் ஒரு சின்ன நிரலாக எழுத முடியுமா?

யாரிடம் வேண்டுமானாலும் எடுங்கள். பெயரும் பைட் கணக்கும் இவ்வளவு துல்லியமாக ஒத்துப்போனால் அது அநேகமாக ஒரே ஃபைல்தான். வித்தியாசம் அந்த மூன்று பேரின் கணினியில் ஓடும் மென்பொருளில் இருக்கிறது. விபிஆர் எம்பி3 ஒன்றுக்குள் 'இந்தப் பாட்டின் சராசரி பிட்ரேட் இவ்வளவு' என்று யாரும் எழுதி வைப்பதில்லை. தேடல் முடிவில் பிட்ரேட் பத்தியில் தெரியும் எண்ணை ஒவ்வொரு மென்பொருளும் தானே கணக்குப் போட்டுச் சொல்கிறது. எங்கே குறுக்கு வழியில் போனது என்பதைப் பொறுத்து விடை மாறும். நீங்கள் கொடுத்த மூன்று எண்களுமே எப்படி வந்திருக்கும் என்று கடைசி வரை போய்ச் சொல்லிவிட முடியும்.

முதலில் எம்பி3யின் அமைப்பு. அது சின்னச் சின்னத் துண்டுகளாக, அதாவது ஃபிரேம்களாக, வரிசையாக அடுக்கப்பட்ட ஒன்று. நாம் சாதாரணமாகப் பார்க்கும் வகையில் (எம்பெக்-1, லேயர் 3) ஒரு ஃபிரேமில் 1,152 சாம்பிள்கள் (ஒலியின் தனித்தனி அளவீடுகள்) இருக்கும். சாம்பிள் ரேட் (விநாடிக்கு எத்தனை சாம்பிள்) 44,100 என்றால் ஒரு ஃபிரேம் ஓடும் நேரம் சுமார் 26 மில்லிசெகண்ட். ஒவ்வொரு ஃபிரேமின் தலையிலும் 4 பைட் ஹெடர். அந்த 32 பிட்டுகளில் முதல் 11 பிட்டும் 1 ஆகவே இருக்கும். அது 'ஃபிரேம் இங்கே தொடங்குகிறது' என்பதற்கான அடையாளம். அப்புறம் பதிப்பு, லேயர், பாதுகாப்பு பிட். அதன்பின் வரும் 4 பிட்தான் நமக்கு வேண்டிய பிட்ரேட் எண். நான்கு பிட்டில் 16 எண்கள் வரலாம். இரண்டு ஓரங்களையும் கழித்தால் மிச்சம் 14. அவைதான் 32, 40, 48, 56, 64, 80, 96, 112, 128, 160, 192, 224, 256, 320.

ஏதாவது ஒரு எம்பி3யை ஹெக்ஸ் எடிட்டரில் (ஒவ்வொரு பைட்டையும் 0 முதல் எஃப் வரையிலான இரண்டு இலக்கங்களாகக் காட்டும் மென்பொருள்) திறந்து பாருங்கள். எஃப்எஃப், எஃப்பி என்ற இரண்டு பைட் அடுத்தடுத்து வரும். மூன்றாவது பைட்டின் முதல் இலக்கம்தான் பிட்ரேட். 9 என்றால் 128, ஏ என்றால் 160, பி என்றால் 192, ஈ என்றால் 320. ஃபிரேமின் நீளத்தை 144 × பிட்ரேட் ÷ சாம்பிள் ரேட் என்று கணக்கிட வேண்டும். 128க்கு 144 × 1,28,000 ÷ 44,100 = 417.96. பைட்டைப் பின்னமாக வெட்ட முடியாது என்பதால் சில ஃபிரேம் 417, பெரும்பாலானவை ஒரு பைட் சேர்த்து 418. சேர்த்ததைச் சொல்லத் தனியாக ஒரு பிட் உண்டு. அதனால்தான் 128 சிபிஆர் (தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே பிட்ரேட்) ஃபைலில் அந்த மூன்றாவது பைட் 90, 92, 92 என்று மாறிக்கொண்டே போகும். 9 மட்டும் மாறாது. விபிஆர் ஃபைலில் அந்த முதல் இலக்கமே மாறும்: ஒரு ஃபிரேமில் 9, அடுத்ததில் பி, அப்புறம் ஏ, டிரம் அடிக்கும் இடத்தில் ஈ. விபிஆர் என்பதற்கு ஃபைலுக்குள் இருக்கும் நேரடிச் சாட்சி இது ஒன்றுதான்.

அப்படியானால் வேலை சுலபம்தானே, எல்லா ஃபிரேமையும் எண்ணிவிட்டால் போச்சு என்று தோன்றும். எண்ணினால் சரியான விடை கிடைக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் பகிர்வு மென்பொருளின் நிலைமையை யோசியுங்கள். ஒருவர் 20,000 பாட்டு உள்ள ஃபோல்டரைப் பகிர்வில் சேர்க்கிறார். ஒன்று 5 எம்பி என்றாலும் 100 ஜிபி. அத்தனையையும் வட்டிலிருந்து வாசித்து முடித்தால்தான் பட்டியல் தயார் என்றால் யாரும் அந்த மென்பொருளை வைத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் எல்லா மென்பொருளும் ஃபைலின் தலைப்பகுதியில் கொஞ்சம் வாசித்துவிட்டு மிச்சத்தை ஊகிக்கின்றன. பிரச்சினை முழுவதும் அந்த ஊகத்தில்தான் வருகிறது.

மோசமான ஊகம் இப்படிப் போகும்: முதல் ஃபிரேமின் பிட்ரேட்டை எடு, ஃபைலின் அளவை அதால் வகு, நீளம் கிடைத்துவிட்டது. சிபிஆர் ஃபைலுக்கு இது சரியாகவே வரும். விபிஆர் ஃபைலுக்கு வராது. உங்கள் ஃபைலில் 1,50,000 பைட் ஆல்பம் அட்டைப் படமும் பெயர் விவரங்களும் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 56,00,000 பைட் ஒலி. முதல் ஃபிரேம் 128 என்றால் 56,00,000 × 8 ÷ 1,28,000 = 350 விநாடி. அதாவது 5:50. முதல் ஆள் காட்டிய எண்கள் இரண்டுமே வந்துவிட்டன, பாருங்கள்.

ஏன் குறிப்பாக 128? லேம் என்கோடர் (ஒலியை எம்பி3 ஆக்கும் மென்பொருள்) விபிஆர் ஃபைல் எழுதும்போது முதல் ஃபிரேமில் இசையை வைப்பதில்லை. அதில் தகவல் அட்டவணை ஒன்றை வைக்கிறது. அந்த ஃபிரேமின் ஹெடரில் வழக்கமாக 128 என்று போடுகிறது. பாட்டு சராசரி 245ஆக இருந்தாலும் முதல் ஃபிரேம் 128தான். இது தெரியாத மென்பொருளுக்கு உலகத்தில் உள்ள லேம் விபிஆர் ஃபைல் அநேகமாக எல்லாமே 128 ஆகத்தான் தெரியும். அட்டவணையே இல்லாத விபிஆர் ஃபைல் அமைதியில் தொடங்கினால் இன்னும் மோசம். முதல் ஃபிரேம் 32 என்றிருக்கும். நான்கு நிமிடத்துக்கும் குறைவான உங்கள் பாட்டு 23 நிமிடம் என்று காட்டும்.

இங்கே கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. பிட்ரேட்டையும் நீளத்தையும் பெருக்கி ஃபைல் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தப்பு தெரிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தெரியாது. 128 × 350 என்றாலும், 190.56 × 235.1 என்றாலும் வருவது ஒரே அளவுதான். நீளத்தையே தப்பான பிட்ரேட்டிலிருந்து கணக்கிட்டிருப்பதால் இரண்டு தப்பும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்கின்றன. பாட்டு உண்மையில் எத்தனை நிமிடம் என்பது வேறு எங்கிருந்தாவது தெரிந்தால் மட்டுமே பிடிக்க முடியும். அதனால் தேடல் முடிவுகளைப் பார்க்கும்போது பிட்ரேட் பத்தியை விட நீளம் பத்தியை முதலில் பாருங்கள். உங்களுக்குத் தெரிந்த பாட்டு தெரிந்த நீளத்தில் இருந்தால் பக்கத்தில் உள்ள பிட்ரேட்டையும் ஓரளவு நம்பலாம்.

இனி அந்த அட்டவணை. இதை முதலில் கொண்டுவந்தது ஸிங் டெக்னாலஜி என்ற அமெரிக்க நிறுவனம். 1999இல் ரியல்நெட்வொர்க்ஸ் அதை வாங்கியது. நிறுவனத்தின் பெயரே அட்டவணையின் பெயராக நின்றுவிட்டது. எம்பெக் தரநிலையில் இப்படி ஒன்று கிடையாது. பழைய பிளேயர்கள் குழம்பாமல் இருக்க, சத்தமில்லாத சாதாரண ஃபிரேம் போல வேடம் போட்டு, அதற்குள் தகவலை வைத்தார்கள். நல்ல யோசனை. எம்பெக்-1 ஸ்டீரியோ ஃபைலில் முதல் ஃபிரேம் தொடங்கும் இடத்திலிருந்து 36 பைட் தள்ளிப் பார்த்தால் ஆங்கிலத்தில் 'ஸிங்' என்ற நான்கு எழுத்து அப்படியே தெரியும். மோனோ என்றால் 21 பைட் தள்ளி. ஹெடரின் 4 பைட்டும், ஸ்டீரியோவுக்கு 32 அல்லது மோனோவுக்கு 17 பைட் துணைத் தகவலும் போன பிறகு வரும் இடம் அது.

அந்த நான்கு எழுத்துக்கு அடுத்த 4 பைட் கொடிகள்: பின்னால் எந்தெந்தத் தகவல் இருக்கிறது என்று சொல்பவை. அதற்கடுத்த 4 பைட் மொத்த ஃபிரேம்களின் எண்ணிக்கை. பின் 4 பைட் மொத்த ஒலி பைட்டுகள். பின் 100 பைட் கொண்ட தேடல் அட்டவணை. பாட்டின் நடுவே தாவும்போது பிளேயர் பயன்படுத்துவது. உங்கள் ஃபைலில் ஃபிரேம் எண்ணிக்கை இருக்கும் இடத்தில் 00 00 23 28 என்று இருந்தால், அது பத்தடிமானத்தில் 9,000. அதற்கடுத்து 00 55 73 00; அது 56,00,000. இந்த எட்டே பைட்டில் கணக்கு முடிந்தது. 9,000 × 1,152 ÷ 44,100 = 235.1 விநாடி, அதாவது 3:55. 56,00,000 × 8 ÷ 235.1 = 190.56 கேபிபிஎஸ். பின்னத்தை வெட்டினால் 190. இரண்டாம் ஆளின் மென்பொருள் செய்தது இதுதான். அதுதான் சரியான விடை. வேறொரு மென்பொருள் முழுமையாக்கி 191 என்று காட்டினால் அதுவும் சரியே.

மூன்றாமவரின் 195? அவருடைய மென்பொருள் ஃபிரேம் எண்ணிக்கையை வாசித்து நீளத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறது. ஆனால் பிட்ரேட்டுக்கு மொத்த ஃபைல் அளவை எடுத்துக்கொண்டுவிட்டது. 57,50,000 × 8 ÷ 235.1 = 195.66. அட்டைப் படத்தையும் இசையோடு சேர்த்து எடை போட்டதால் வந்த ஐந்து கேபிபிஎஸ் அது. சின்ன வித்தியாசம்தான். ஆனால் ஒரு நிமிடத் துண்டுக்கு 2 எம்பி படம் வைத்திருப்பவர்களும் உண்டு. அங்கே இந்தத் தப்பு 250 கேபிபிஎஸ்ஸுக்கு மேல் போய்விடும்.

'ஸிங்' என்ற எழுத்து இருந்தால் விபிஆர், இல்லையென்றால் சிபிஆர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பல மென்பொருள்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். லேம், சிபிஆர் ஃபைலுக்கும் இதே அட்டவணையை எழுதுகிறது. ஆனால் 'ஸிங்' என்பதற்குப் பதிலாக 'இன்ஃபோ' என்று ஆங்கிலத்தில் போடுகிறது. இரண்டையும் ஒன்றாகப் பாவிக்கும் நிரல் 320 சிபிஆர் ஃபைலையும் '320 (விபிஆர்)' என்று காட்டும். அப்படி ஒன்றைப் பார்த்தால் உடனே சந்தேகப்படுங்கள். விபிஆர் என்பது 320க்குக் கீழும் போக வேண்டிய ஒன்று. சராசரியே சரியாக 320 என்றால் எல்லா ஃபிரேமும் 320 என்றுதான் அர்த்தம்.

இதற்கு மேலும் துல்லியம் வேண்டுமென்றால் அட்டவணையின் பின்பகுதிக்குப் போக வேண்டும். 'ஸிங்' தொடங்கிய இடத்திலிருந்து 120 பைட் தள்ளி லேம் தன் பெயரையும் பதிப்பையும் 9 எழுத்தில் எழுதுகிறது. 2017இல் வந்த 3.100 பதிப்பு என்றால் அந்த எண் அங்கேயே தெரியும். அதற்கடுத்த பைட்டின் கீழ்ப்பாதி 4 பிட்தான் விபிஆர் முறை. 1 என்றால் சிபிஆர், 2 என்றால் ஏபிஆர், 3 முதல் 5 வரை விபிஆரின் பல வகைகள். அதற்கும் அடுத்த பைட் லோபாஸ்: அதை 100ஆல் பெருக்கினால் எத்தனை ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டியிருக்கிறது என்று தெரியும். ஏபிஆர் என்பது சராசரியை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு அதைச் சுற்றி ஏறி இறங்குவது. பகிர்வு மென்பொருள் எதுவும் ஏபிஆர் என்று தனியாகக் காட்டி நான் பார்த்ததில்லை. எல்லாம் விபிஆர் கணக்கிலேயே சேர்ந்துவிடும். தகவல் ஃபைலில் இருந்தும் அதைக் காட்ட இடம் வைக்காமல் விட்டது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

ஃபிரான்ஹோஃபர் என்ற ஜெர்மன் ஆய்வு நிறுவனத்தின் என்கோடர்கள் வேறு அட்டவணை எழுதும். அதன் பெயர் விபிஆர்ஐ. அது ஸ்டீரியோவோ மோனோவோ, ஹெடர் முடிந்து 32 பைட் தள்ளி ஒரே இடத்தில் இருக்கும். 'ஸிங்' மட்டும் தேடும் மென்பொருள் இந்த வகை ஃபைல்களைத் தவறவிட்டுவிடும்.

இரண்டு அட்டவணையும் இல்லாத விபிஆர் ஃபைல்களும் இருக்கின்றன: பழைய என்கோடர் எழுதியவை, இணைய வானொலியிலிருந்து பதிவு செய்தவை, நீளமான ஃபைலின் நடுவிலிருந்து வெட்டி எடுத்தவை. அங்கே ஃபிரேம்களைப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. பல மென்பொருள்கள் முதல் சில ஃபிரேம்களையோ முதல் அரை நிமிடத்தையோ பார்த்துவிட்டு முடிவுக்கு வருகின்றன. இதில் உள்ள ஓட்டையைப் புரிந்துகொள்ள வேண்டும். விபிஆர் என்று நிரூபிக்க வேறுபட்ட இரண்டே ஃபிரேம் போதும். சிபிஆர் என்று நிரூபிக்கக் கடைசி ஃபிரேம் வரை போக வேண்டும். முதல் பத்து ஃபிரேம் ஒரே மாதிரி இருப்பது எதையும் நிரூபிக்காது; பாட்டு அமைதியில் தொடங்கினால் அந்தப் பத்தும் 32ஆகவே இருக்கும். நீங்கள் எழுதப் போகிறீர்கள் என்றால் தலையில் கொஞ்சம், நடுவில் இரண்டு மூன்று இடங்களில் கொஞ்சம் என்று எடுத்துப் பாருங்கள். வாசிப்பது சில நூறு கேபிதான். விபிஆர் ஃபைல் அதில் அநேகமாக மாட்டிக்கொள்ளும்.

நடுவில் குதிக்கும்போது ஒரு ஆபத்து. 11 பிட் அடையாளம் தற்செயலாகவும் வரும். ஒலித் தரவுக்குள் வரும், படத்துக்குள் கண்டிப்பாக வரும். ஜேபெக் படம் எப்போதும் எஃப்எஃப் டி8 என்று தொடங்கும். பெரும்பாலும் அடுத்தது எஃப்எஃப் ஈ0. இந்த எஃப்எஃப் ஈ0வில் முதல் 11 பிட்டும் 1தான்! அடையாளத்தை மட்டும் பார்க்கும் நிரல் ஆல்பம் அட்டையை எம்பி3 ஃபிரேம் என்று நினைத்துவிடும். லேயருக்கான இரண்டு பிட்டையும் பார்த்தால் 00 என்று இருக்கும். அப்படி ஒரு லேயர் கிடையாது என்று தள்ளிவிடலாம். இதைவிட உறுதியான வழி, ஒரு ஃபிரேம் கிடைத்ததும் அதன் நீளத்தைக் கணக்கிட்டு அந்தத் தூரத்தில் இன்னொரு ஃபிரேம் இருக்கிறதா என்று பார்ப்பது. மூன்று ஃபிரேம் அடுத்தடுத்து, அதே பதிப்பு, லேயர், சாம்பிள் ரேட்டோடு கிடைத்தால் நம்பலாம்.

அதற்கும் முன்னால், தலையில் ஐடி3 டேக் (பாட்டின் பெயர் விவரங்களும் அட்டைப் படமும் இருக்கும் பகுதி) இருந்தால் அதைத் தாண்டிவிட வேண்டும். அதன் நீளம் 10 பைட் தலைப்பின் கடைசி 4 பைட்டில் இருக்கிறது. ஒவ்வொரு பைட்டிலும் 7 பிட் மட்டுமே கணக்கு. எட்டாவது பிட் எப்போதும் 0. டேக்கின் நீளமே ஃபிரேம் அடையாளம் போலத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. சாதாரண 32 பிட் எண்ணாக அதை வாசித்துவிட்டால் தவறான இடத்தில் போய் இறங்குவீர்கள். கடைசியில் பழைய வகை டேக் இருந்தால் 128 பைட், அதையும் கழியுங்கள். (இந்த 128 பைட்டுக்கும் 128 கேபிபிஎஸ்ஸுக்கும் சம்பந்தமில்லை.)

இப்போது வலையமைப்பின் பக்கம். அந்த எண்ணைக் கணக்கிடுவது உங்கள் கணினி அல்ல, பகிர்பவரின் கணினி. நீங்கள் ஃபைலை இறக்கும் வரை உங்கள் மென்பொருளிடம் அந்த ஃபைலின் ஒரு பைட் கூட இல்லை. எதிர்முனை சொன்னதை அப்படியே காட்டுகிறது. 1999இல் வந்த நாப்ஸ்டரிலிருந்தே இப்படித்தான். நாப்ஸ்டர் கிளையன்ட், அதாவது பயனரின் கணினியில் ஓடும் மென்பொருள், தன்னிடம் உள்ள ஒவ்வொரு பாட்டுக்கும் பெயர், எம்டி5 என்ற அடையாள எண், அளவு, பிட்ரேட், சாம்பிள் ரேட், நீளம் என்று ஒரு வரி அனுப்பும். பிட்ரேட்டுக்கு ஒரே ஒரு எண். விபிஆரா இல்லையா என்று சொல்ல இடமே இல்லை. தேடலில் 'குறைந்தது இவ்வளவு' என்று கேட்கும் வசதி மட்டும் இருந்தது.

சோல்சீக் இதில் ஒரு படி மேலே போனது. அதன் நெறிமுறையில் ஃபைலுக்கு எண்ணிட்ட பண்புகள் உண்டு: 0 என்பது பிட்ரேட், 1 என்பது விநாடியில் நீளம், 2 என்பது விபிஆர், ஆம் அல்லது இல்லை. பின்னால் வந்த 4 சாம்பிள் ரேட், 5 பிட் டெப்த். இவை ஃபிளாக் போன்ற இழப்பில்லாத ஃபைலுக்கு. நிக்கோட்டின்+ என்ற சோல்சீக் கிளையன்ட், அந்த 2ஆம் பண்பு ஆம் என்று வந்தால் எண்ணுக்குப் பக்கத்தில் விபிஆர் என்று சேர்த்துக் காட்டுகிறது. ஆனால் எல்லாக் கிளையன்டும் அந்தப் பண்பை அனுப்புவதில்லை. அதனால் விபிஆர் என்று போடாத 195, விபிஆர் இல்லை என்று அர்த்தமாகாது. உங்கள் மூன்றாம் ஆள் அதற்கு உதாரணம்.

மற்ற பகிர்வு மென்பொருள்களில், ஈமியூலில் நீளம், பிட்ரேட், கோடெக் (எந்த முறையில் சுருக்கியது) என்ற விவரங்கள் வரும். டிசி++இன் ஃபைல் பட்டியலில் பெயர், அளவு, ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாள எண்) அவ்வளவுதான். டாரென்ட்டில் பெயரும் அளவும் துண்டுகளின் ஹாஷும் மட்டும். அதனால்தான் அங்கே ஆட்கள் தலைப்பிலேயே 'வி0', 'வி2', '320' என்று எழுதிவிடுகிறார்கள். வி0, வி2 என்பவை லேமின் தர அளவுகள். வி0வுக்குச் சராசரி சுமார் 245, வி2வுக்குச் சுமார் 190. உங்கள் 190.56 அநேகமாக வி2வாக இருக்கும். இசையைப் பொறுத்து இது நன்றாகவே ஏறி இறங்கும். தனிக் குரலும் ஒற்றை வீணையும் உள்ள பதிவு வி0விலும் 200க்குக் கீழே வரலாம்.

விபிஆர் குறி இல்லாத இடத்தில் எண்ணை வைத்தே ஊகிக்க ஒரு வழி: மேலே சொன்ன 14 எண்களில் ஒன்றாக இல்லாவிட்டால் விபிஆர் அல்லது ஏபிஆர் என்று எடுத்துக்கொள்ளலாம். 203, 241, 187 எல்லாம் அந்த வகை. 14 எண்களில் ஒன்றை ஒட்டி இருந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். 131 என்றால் 128 சிபிஆரோடு அட்டைப் படம் சேர்ந்திருக்கலாம். 191 என்றால் 192ஐக் கணக்கிடும்போது பின்னம் வெட்டுப்பட்டிருக்கலாம், நிஜமாகவே விபிஆராகவும் இருக்கலாம். சரியாக 128 என்று இருந்தும் நீளம் அநியாயமாக இருந்தால் மேலே சொன்ன முதல் ஃபிரேம் கோளாறு. 128, 3:55, ஆனால் அளவு 57 லட்சம் பைட் என்று பொருந்தாமல் வந்தால் அதுவும் அநேகமாக விபிஆர்தான்: அந்த மென்பொருள் நீளத்தை அட்டவணையிலிருந்தும் பிட்ரேட்டை ஹெடரிலிருந்தும் எடுத்திருக்கிறது.

தேடல் வடிகட்டியில் குறைந்தபட்சம் 192 என்று வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அதை 170க்கு இறக்குங்கள் என்பது என் கருத்து. 190 காட்டும் நல்ல வி2 ஃபைலை அந்த வடிகட்டி தூக்கி எறிந்துவிடும். அதைவிட மோசமான பழைய 192 சிபிஆர் ஃபைலை உள்ளே விடும். விபிஆரின் அருமையே கடினமான இடத்தில் 320 வரை செலவழித்துவிட்டு, அமைதியான இடத்தில் மிச்சம் பிடிப்பதுதான். சிபிஆரிலும் முந்தைய ஃபிரேமில் மிஞ்சிய இடத்தைக் கடன் வாங்கும் ஏற்பாடு உண்டு, ஆனால் அந்தக் கடன் அதிகபட்சம் 511 பைட்தான்.

பிட்ரேட் எவ்வளவு சரியாகக் கணக்கிட்டாலும் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. யாரோ ஒருவர் 128 ஃபைலை எடுத்து மறுபடி 320ஆக என்கோட் செய்திருந்தால் எல்லா ஃபிரேமும் நிஜமாகவே 320தான். கண்டறிதலில் தப்பே இல்லை. இசைதான் முன்பே போய்விட்டது. இதற்கு ஸ்பெக் போன்ற மென்பொருளில் அலைவரிசைப் படத்தைப் பாருங்கள். 320 என்று சொல்லும் ஃபைல் 16 கிலோஹெர்ட்ஸ் அருகே கத்தியால் வெட்டியது போல முடிந்தால் மூலம் 128 என்று பலமாகச் சந்தேகிக்கலாம். ஒழுங்கான 320 வழக்கமாக 20 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வரை போகும். லேம் அட்டவணையில் உள்ள லோபாஸ் எண் இங்கே உதவாது. அது கடைசியாக என்கோட் செய்தவரின் அமைப்பு மட்டும்.

மற்ற வடிவங்களைப் பற்றிச் சுருக்கமாக. ஆக் வோர்பிஸ் இயல்பிலேயே விபிஆர். ஹெடரில் இருப்பது பெயரளவு பிட்ரேட், நிஜச் சராசரிக்குக் கடைசிப் பக்கத்தின் சாம்பிள் எண்ணை எடுத்துக் கணக்கிட வேண்டும். ஓபஸ் ஹெடரில் பிட்ரேட்டே கிடையாது. அதே கடைசிப் பக்க முறைதான், 48,000 சாம்பிள் கணக்கில். எம்பி4க்குள் உள்ள ஏஏசியில் ஒவ்வொரு துண்டின் அளவும் அட்டவணையாக இருப்பதால் கூட்டி வகுத்தால் போதும். ஃபிளாக் ஃபைலில் மொத்தச் சாம்பிள் எண்ணிக்கை தலையிலேயே இருக்கிறது. அங்கே பிட்ரேட் தரத்தைச் சொல்லாது, எவ்வளவு சுருங்கியது என்பதை மட்டும் சொல்லும்.

நிரல் எழுதுவதற்கு: பைத்தானில் மியூட்டஜன் நூலகத்தைப் பாருங்கள். அது எம்பி3க்கு சிபிஆர், விபிஆர், ஏபிஆர் என்று மூன்றையும் பிரித்துச் சொல்கிறது. உறுதியாகத் தெரியாவிட்டால் 'தெரியாது' என்று நான்காவது விடை தருகிறது. அந்த நான்காவது விடையை உங்கள் நிரலிலும் கட்டாயம் வையுங்கள். தெரியாததைச் சிபிஆர் என்று எழுதிவிடுவதால்தான் இத்தனை குழப்பமும். நீங்களே எழுதுவதானால் வரிசை இது: டேக்கைத் தாண்டி, மூன்று ஃபிரேம் பொருத்தி, முதல் ஃபிரேமில் ஸிங், இன்ஃபோ, விபிஆர்ஐ மூன்றையும் தேடி, கிடைத்தால் அட்டவணையில் உள்ள பைட் எண்ணிக்கையை நிஜமான ஒலி அளவோடு ஒப்பிடுங்கள். அந்த ஒப்பீடு முக்கியம். அட்டவணை 56,00,000 என்று சொல்லி, ஃபைலில் 30,00,000 தான் இருந்தால் அது பாதியில் நின்ற இறக்கம். நிஜ அளவு அதிகமாக இருந்தால் யாரோ இரண்டு ஃபைலை ஒட்டியிருக்கிறார்கள். முதல் துண்டின் அட்டவணை தலையில் அப்படியே இருக்கிறது. இரண்டு நிலையிலும் அட்டவணையை நம்பாமல் ஃபிரேம் எண்ணப் போய்விடுங்கள்.

சோதித்துப் பார்க்க ஃபைல் வேண்டுமானால் இன்டர்நெட் ஆர்க்கைவில் எடுங்கள். அங்கே பல பதிவுகளுக்கு 'விபிஆர் எம்பி3' என்று வடிவத்தின் பெயரே போட்டிருக்கும். சிபிஆருக்கு லிப்ரிவாக்ஸ் ஒலிப்புத்தகங்கள்; 128 கேபிபிஎஸ் என்பது அவர்களுடைய வழக்கமான தரம். உங்கள் நிரல் சொல்வதை மீடியாஇன்ஃபோ என்ற மென்பொருள் சொல்வதோடு ஒப்பிடலாம். ஃபூபார்2000 பிளேயரில் பாட்டு ஓடும்போது அந்தந்த நேரப் பிட்ரேட் கீழே மாறிக்கொண்டே போவதையும் பார்க்கலாம்.

கடைசியாக, உங்கள் பகிர்வில் உள்ள ஃபைல்களே மற்றவர்களுக்குத் தப்பாகத் தெரிகின்றன என்றால், அட்டவணை இல்லாத விபிஆர் ஃபைல்களுக்கு அதை எழுதித் தரும் வசதி ஃபூபார்2000இன் யூட்டிலிட்டீஸ் மெனுவில் இருக்கிறது. முடித்துவிட்டுப் பகிர்வு ஃபோல்டரை மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். ஆனால் யாராவது உங்களிடமிருந்து இறக்கிக்கொண்டிருக்கும்போது இதைச் செய்யாதீர்கள். சோல்சீக் ஹாஷ் பார்க்காது. நின்ற இடத்து பைட் எண்ணிலிருந்து தொடரும். தலையில் ஒரு ஃபிரேம் புதிதாக நுழைந்தால் எல்லா பைட்டும் இடம் நகர்ந்துவிடும். பாதி பழையது, பாதி புதியது என்று ஒட்டுப்போட்ட ஃபைல்தான் அவருக்குப் போய்ச் சேரும்.